செய்தவர் பெயர்

நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், எகிப்தியர் கல்லறைச் செல்வங்களுக்கும் கிரேக்கச் சிற்பங்களுக்கும் நம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்கும் இடமளித்துப் பிரசித்தி பெற்ற மாளிகை. அங்கே 2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20-ஆம் தேதி தொடங்கி மறு ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி வரையில், ஜோயல் ஆர்தர் ரோசென்தால் என்னும் ஒருவருடைய நகைகளை மாத்திரம் தனியே காட்சிக்கு வைத்தார்கள். அவர் முடிசூடிய மன்னருமல்லர். மன்னர்களுக்கு நகை செய்து கொடுத்துவிட்டு மறைந்துபோன பழங்காலத்தவருமல்லர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து, 1978-இல் பாரிஸ் நகரத்தின் வாந்தோம் சதுக்கத்தில் தொழிலைத் தொடங்கி, காட்சி நடந்த காலத்தில் எழுபது வயதை எட்டியிருந்த ஒரு நகைக் கலைஞர். தம் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'ஜார்' என்று அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரே அக்காட்சிக்கும் பெயராயிற்று. நானூறுக்கு மேற்பட்ட ஆபரணங்கள் அங்கே இருந்தன. சமகாலத்து நகைக் கலைஞர் ஒருவருக்கென்று அந்த அருங்காட்சியகம் தனிக் காட்சி நடத்தியது அதுவே முதல் முறை.

அவருடைய கைவண்ணம் எத்தன்மையது என்று இரண்டொரு வாக்கியங்களில் சொல்வது எளிதன்று. வண்ணத்துப்பூச்சி, காமெலியா மலர், லைலாக் பூங்கொத்து ஆகிய இயற்கை வடிவங்களை அவர் மிகுதியாக எடுத்துக்கொள்கிறார். கல்லைத் தாங்கும் உலோகத்தைக் கறுப்பாக்கி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகளில் சிறு கற்களை நெருக்கமாகப் பதித்து, இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கும் ஊதாவிலிருந்து நீலத்துக்கும் நிறம் படிப்படியாக மாறிச் செல்லும்படி அமைத்து, பொன்னின் பளபளப்பைப் பின்னே தள்ளி வடிவத்தையும் வர்ணத்தையும் முன்னே நிறுத்துவதே அவருடைய விசேஷம். விலையுயர்ந்த கல்லும் மலிவான கல்லும் அவர் கையில் ஒரே நகையில் அருகருகே அமர்கின்றன. டைட்டானியம், அலுமினியம் போன்ற உலோகங்களையும் அவர் ஒதுக்கவில்லை. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நகைகளை அடுக்கிக் காட்டுவதோ விளம்பரம் செய்வதோ அவர் வழக்கமன்று.

அக்காட்சியை எல்லோரும் கொண்டாடிவிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நகைகளில் பெரும்பாலானவை கோடீசுவரர்களின் சொந்த உடைமைகள். பொதுமக்களுக்காக நிறுவப்பட்ட ஓர் அருங்காட்சியகம் அவற்றை மேடையேற்றினால் உடைமையாளருக்கு மதிப்பு உயர்வதல்லாமல் பொதுமக்களுக்கு என்ன லாபம் என்று விமரிசகர்கள் கேட்டார்கள். காட்சி நடக்கும்போதே அருங்காட்சியகத்தின் விற்பனைக் கூடத்தில் அவருடைய காதணிகள் விலைக்கு வைக்கப்பட்டதைப் பலர் அருவருப்புடன் குறிப்பிட்டார்கள். 2002-இல் லண்டன் சாமர்செட் மாளிகையில் அவருடைய நகைகளைக் காட்டியபோது, இருட்டாக்கிய அறைக்குள் பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் சிறு விளக்கொன்றைக் கொடுத்து அனுப்பினார்களாம். அதில் நாடகத்தன்மை சற்று மிகையே. இந்தக் குறைகளெல்லாம் மெய்யானவை என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் அக்குறைகளுக்கிடையே ஒரு நல்ல வழக்கம் அங்கே நிலைநிறுத்தப்பட்டது. ஆபரணம் என்றால் அணிந்தவர் யார், கொடுத்தவர் யார், எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், செய்தவர் யார் என்று கேட்கும் வழக்கம் அது. அந்த ஒன்றுக்காக அக்காட்சியின் மற்றக் குறைகளை மன்னிக்க நான் தயாராக இருக்கிறேன். ஏனெனில் அந்தக் கேள்விதான் நம் நாட்டில் கேட்கப்படாமலே இருந்துவருகிறது.

கேட்கப்படாமலிருக்கும் இக்குறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. உலகத்திலேயே மிக விரிவான நகைப் பட்டியல்களுள் ஒன்று நம் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. இராஜராஜ சோழன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் கொடுத்தவற்றையும், ஒரு குன்றிமணிப் பொன்னும் கணக்குத் தப்பாதபடி அங்கே பொறிக்கச் செய்தான். பொன்னை ஆடவல்லான் என்னும் பெயர் கொண்ட கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் காசுக்கல்லாலும் நிறுத்தார்கள். கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக ஒவ்வோர் ஆபரணத்தின் எடையும் தனித்தனியே குறிக்கப்பட்டது. முத்து என்று ஒரே சொல்லால் சொல்லி முடிக்காமல், வட்டமுத்து, அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரித்து, குளிர்ந்த நீருடையது எது, சிவந்த நீருடையது எது என்று ஒளியின் தன்மையையும் சேர்த்து எழுதினார்கள். மாணிக்கங்களிலும் வைரங்களிலும் குற்றமுள்ளவை இன்னின்ன என்பதைக்கூட மறைக்கவில்லை. ஏகவல்லி, வீரப்பட்டம், திருக்கைக்காறை, பாதசாயலம் என்று ஆபரணங்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. கோத்த சரடும் உள்ளே வைத்த அரக்கும் எடையில் சேர்ந்தனவா என்பதும் சொல்லப்படுகிறது.

இத்தனை சிரத்தையுடன் எழுதிய கைக்கு, அந்த ஏகவல்லியைக் கோத்தவர் இன்னார், அந்தத் திருக்கைக்காறையை அடித்தவர் இன்னார் என்று அந்தந்த நகைக்கு நேரே எழுதத் தோன்றவில்லை. பெயர்களைக் குறிக்கும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. அதே கோயிலின் சுவர்களில் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசையோடு இருக்கின்றன. குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சன் பெயர் இருக்கிறது. கோயிலில் ஊழியம் செய்தவர்கள் என்ற முறையில் கைவினைஞர் சிலரும் அங்கே பெயரோடு இடம் பெற்றார்கள். ஆனால் ஊழியத்துக்குக் கூலி கொடுப்பதற்காக எழுதும் பெயர் வேறு. படைப்புக்கு உரியவர் என்று படைப்பின் அருகே எழுதும் பெயர் வேறு. கோயில் கல்வெட்டுகளிலே முதலாவது உண்டு, நகைக் கணக்கிலே இரண்டாவது இல்லை. நகையின் எடை மிகத் துல்லியமாகத் தெரிந்து, அதைச் செய்த மனிதர் அடியோடு தெரியாமற்போன அந்த நிலைமையில்தான் நாம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் இருந்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊராகிய அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள விழுப்புரம் வட்டாரத்திலேயே இதற்குச் சாட்சியங்கள் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இக்கோயிலை ஆக்குவித்தவன் விசித்திரசித்தன் என்று மகேந்திர பல்லவன் கல்லிலே பெருமையடித்துக்கொள்கிறான். பாறையைக் குடைந்த சிற்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அனந்தபுரத்துக்கு அணித்தே, பனமலையில், ஏரியை நோக்கி நிற்கும் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், பார்வதி தேவியின் ஓவியம் ஒன்று ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சிதைந்தும் சிதையாமலும் நிற்கிறது. குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று இறைவனுடைய நடனத்தைப் பார்க்கின்ற அத்தேவியின் மகுடத்தையும் காதணியையும் கழுத்தணிகளையும் தோள்வளையையும் கூர்ந்து நோக்குபவர், அவற்றை வரைந்த ஓவியர் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து நகை வேலையைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்றே முடிவு செய்வார். பல்லவர் காலத்து நகைகள் எப்படி இருந்தன என்று அறிய நமக்கிருக்கும் வர்ணச் சான்றுகளோ மிகச் சில. இந்த ஓவியத்தை நாடிப் பனமலைக்கு வருகிறவர்கள் ஓவியத்தைப் பற்றிப் பேசுவார்கள், அரசனைப் பற்றிப் பேசுவார்கள். நகையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இலக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் கதை வேறில்லை. ஒரு சிலம்பைச் சுற்றியே நடக்கும் காப்பியம் சிலப்பதிகாரம். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம் இருந்தது, பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து இருந்தது என்ற வேறுபாட்டில்தான் ஓர் அரசனுடைய உயிரும் ஒரு நகரத்தின் விதியும் தொங்குகின்றன. அப்படியிருக்க, கண்ணகியின் சிலம்பைச் செய்தவர் யாரென்று கதையில் எங்கும் இல்லை. மதுரையில் கோவலனைக் காட்டிக்கொடுத்த வஞ்சகனும் வெறும் பொற்கொல்லன்தான். பழி சுமப்பதற்குக்கூட அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. பின்னர் அவன் செய்த குற்றத்துக்காகக் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்பட்டதாக அக்காப்பியம் சொல்கிறது. அவர்களும் ஓர் எண்ணிக்கையாகவே மாண்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பொற்கொல்லரின் பெயர் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டில் அன்று, கடல் கடந்து தாய்லாந்தில். அந்நாட்டின் தென்பகுதியில் கிராபி மாகாணத்தைச் சேர்ந்த குவான் லுக் பட் என்னும் இடத்தில் சிறியதோர் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருப்பதைப் பெரும்பத்தனின் கல் என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல் இப்போது குளோங் தோம் என்ற ஊரின் பௌத்த ஆலயத்தைச் சேர்ந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னின் மாற்றை அறிய உரசிப் பார்க்கும் கல் அது. பிழைப்புக்காகக் கப்பலேறிப் போன ஒருவர், தம் கையால் செய்த நகைகளிலெல்லாம் தம் பெயரைப் பொறிக்க உரிமையோ வழக்கமோ இல்லாமல், தமக்கே சொந்தமான ஒரே பொருளாகிய கருவியின்மேல் அதைப் பொறித்து வைத்தார் என்று நான் ஊகிக்கிறேன். அவர் செய்த நகைகள் உருகி வேறு நகைகளாகி, அவையும் உருகிப் போயிருக்கும். மறுபக்கம், கரூரில் கிடைத்த மோதிரங்களில் தித்தன் என்றும் குறவன் என்றும் பெயர்கள் உள்ளன. அவை அணிந்தவர்களின் பெயர்கள்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். அனந்தபுரத்துக் குடும்பம் ஒன்று கல்யாணத்துக்கு நகை எடுக்க விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ போனால், அங்கே கேட்கப்படும் கேள்விகளை நாம் அறிவோம்: இன்று கிராம் என்ன விலை, எத்தனை சவரன், சேதாரம் எத்தனை சதவிகிதம், செய்கூலி உண்டா இல்லையா. செய்கூலி இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துகின்ற வியாபாரத்தைப் பார்க்கும்போது, ஒரு மனிதருடைய பல நாள் உழைப்பை ஒன்றுமில்லை என்று பறைசாற்றுவது எப்படி வாடிக்கையாளரை மகிழ்விக்கும் செய்தியாயிற்று என்று எனக்கு வியப்பு உண்டாகிறது. வாங்குகிறவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்குகின்ற குடும்பத்துக்கு நகை என்பது அவசரத்துக்கு அடகு வைக்கும் சேமிப்பு. அடகுக் கடையில் வடிவத்துக்கு விலை கிடையாது. ஆகையால் வடிவத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

அரசாங்கத்தின் முத்திரையும் இந்த மனப்பான்மையைத்தான் பிரதிபலிக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாளக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் தங்க நகையை விற்கக்கூடாது என்பது விதி. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், 916 போன்ற தூய்மை எண், இந்தக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். குறியீட்டைக் கைப்பேசியில் பதிந்து பார்த்தால் நகைக்கடைக்காரர் யார், மாற்றுப் பரிசோதித்த நிலையம் எது என்பது தெரியவரும். கலப்படத்தைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இத்தனை விவரங்களுள் அந்த நகையைப் பட்டறையில் உட்கார்ந்து செய்தவரைப் பற்றிய விவரம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1363-ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு தலைமைப் பொற்கொல்லரும் தமக்கென்று ஓர் அடையாள முத்திரையை வைத்துக்கொண்டு தாம் செய்த பொருள்களில் பொறிக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பொற்கொல்லருக்குக் கௌரவம் கொடுக்கும் நோக்கத்தால் அது செய்யப்படவில்லை. மாற்றுக் குறைந்தால் யாரைப் பிடித்துத் தண்டிப்பது என்று தெரிய வேண்டும் என்பதே காரணம். இருந்தாலும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு, சில நூற்றாண்டுகள் கழித்துக் கலைஞனை அடையாளம் காட்டும் ஏற்பாடாக மாறிவிட்டது. லண்டன் அருங்காட்சியகங்களில் ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்கு அருகேகூட அதைச் செய்தவர் பெயர் எழுதியிருப்பது இதனால்தான்.

நம் பொற்கொல்லர்களைச் சட்டம் நினைத்துப் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது மறக்க வேண்டிய சந்தர்ப்பம். 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட நகைகளைச் செய்யலாகாது என்றன. நாடு முழுவதும் பட்டறைகளில் உலை அணைந்தது. தற்கொலைச் செய்திகளும் வந்தன. பதினான்கு காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனால் 1968-இல் தனிச் சட்டமாகவே நிறைவேறிய கட்டுப்பாடு முற்றிலும் நீங்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் தந்தையின் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் திரும்பி வரவில்லை. பின்னர் இயந்திரம் வந்தது; கோயம்புத்தூரின் பட்டறைகளில் வங்காளத்திலிருந்து வந்த இளைஞர்கள் நம் பெண்கள் அணியும் நகைகளைச் செய்கிறார்கள். அவர்கள் கைத்திறனும் உயர்ந்ததே. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஒரு நகையைச் செய்தவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியுமா? உருவத்தை வரைபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர் ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர், மெருகு கொடுப்பவர் ஒருவர் என்று பல கைகளைக் கடந்தல்லவா நகை வெளிவருகிறது? நியூயார்க்கில் கொண்டாடப்பட்ட ரோசென்தாலும் ஊதுகுழலைப் பிடித்து உலைமுன் அமர்கிறவரல்லர். அவர் கற்பனை செய்கிறார், கல்லைத் தேர்ந்தெடுக்கிறார், திருப்தியில்லையென்றால் முடிந்த நகையையும் பிரிக்கச் சொல்கிறார். செய்து கொடுப்பவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள். அவர்களுடைய பெயர்கள் காட்சியின் தலைப்பில் இல்லை. மும்பையைச் சேர்ந்த நகைக் கலைஞர் வீரேன் பகத் விஷயமும் இத்தகையதே. கத்தாரின் அல் தானி குடும்பத்தாருடைய சேகரிப்பிலிருந்த இந்திய நகைகள் 2014-இல் மெட்ரோபாலிடனிலும், 2015-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டபோது, முகலாயர் காலத்து மணிகளின் வரிசையில் பகத் செய்வித்த நகைகளும் அவர் பெயரோடு இடம் பெற்றன. தட்டையாகச் சீவிய வைரங்களையும் முத்துகளையும் உலோகமே தெரியாதபடி இணைக்கும் அவருடைய பாணியைக் கண்டு மேல்நாட்டார் வியந்தார்கள். வாழ்கின்ற இந்தியர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆயினும் அவருடைய பட்டறையின் கைகள் யாருடையவை என்ற கேள்வி அங்கும் விடையின்றியே நிற்கிறது.

ஆகவே கற்பனை செய்தவரை மாத்திரம் கலைஞர் என்று சொல்லி, கையால் செய்தவரைக் கூலியாள் என்று ஒதுக்குகின்ற மேல்நாட்டு வழக்கத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. சினிமாப் படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களில் இயக்குநரும் உண்டு, விளக்குப் பிடித்தவரும் உண்டு. அதைப் பார்த்து இயக்குநரின் பெருமை குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நகைக்கு ஐந்து பெயர்கள் எழுத வேண்டியிருந்தால் ஐந்தையும் எழுதுவதில் என்ன சிரமம்? நம் நாட்டிலோ இந்தச் சிக்கல் பல இடங்களில் எழுவதே இல்லை. கும்பகோணத்திலோ நாகர்கோவில் வடசேரியிலோ வீட்டுத் திண்ணையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி, மனத்தில் வடிவத்தை எண்ணுபவரும் தாமே, கொறடு பிடிப்பவரும் தாமே. வடசேரியில் வெள்ளியை அடித்தளமாக வைத்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை அழுத்திச் செய்கின்ற கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பரதநாட்டிய மேடையில் அந்த நகையை உலகமே பார்க்கிறது. புவிசார் குறியீட்டால் ஊரின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஊரிலுள்ள ஆளின் பெயர் காப்பாற்றப்படவில்லை.

1851-இல் தோன்றி இப்போது சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரின் பொன் நெற்றிப்பட்டங்கள் இருக்கின்றன. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்திலும் சிறு பொன்னணிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் பெயரை இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடிவது இன்று உயிரோடிருப்பவர்களின் பெயர்களையே. அவர்களுக்கென்று எழும்பூர் ஆண்டுதோறும் ஒரு காட்சி நடத்த வேண்டும். அது ஆண்டு முழுதும் மாவட்ட அருங்காட்சியகங்களுக்குச் சுற்றி வர வேண்டும். பாதுகாப்புச் செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. வடசேரி நகையில் பெரும்பகுதி வெள்ளி. தங்க நகையானாலும் காட்சிக்கென்று வெள்ளியில் செய்து முலாம் பூசினால் வடிவம் மாறிவிடப் போவதில்லை. முடிந்த நகையோடு நிறுத்தாமல், உருக்கிய கட்டி, இழுத்த கம்பி, வெட்டிய தகடு, பற்றவைத்த உரு, கல் பதிக்காத கூடு என்று ஒவ்வொரு நிலையையும் வரிசையாக வைத்தால், செய்கூலி எதற்கு என்பது பார்ப்பவர்க்குப் பிரத்தியட்சமாக விளங்கும்.

அத்தகைய முதற் காட்சிக்குப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டால், பாம்படத்தைத்தான் சொல்வேன். தென்மாவட்டத்துக் கிழவிகளின் நீண்ட காதுகளில் தொங்கிய பாம்படத்தைப் பழமையின் சின்னம் என்று எண்ணி நகைத்தவர்கள் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். உருண்டை, கனசதுரம், கூம்பு, தகடு ஆகிய வெறும் க்ஷேத்திரகணித வடிவங்களை ஒன்றோடொன்று கோணம் மாற்றிப் பொருத்தி, மெல்லிய பொன் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிப் பார்வைக்குப் பெரிதாகவும் எடைக்கு இலேசாகவும் ஆக்கிய அந்த அமைப்பைப் பார்த்தால், ஐரோப்பியச் சிற்பிகள் இருபதாம் நூற்றாண்டில் புதுமை என்று கொண்டாடிய வடிவங்களை நெல்லைச் சீமையின் பட்டறைகள் யாருடைய பாராட்டையும் எதிர்பாராமல் செய்துவந்தது விளங்கும். பூவும் இல்லை, மயிலும் இல்லை, யாளியும் இல்லை; அலங்காரத்தையெல்லாம் துறந்துவிட்ட அலங்காரம் அது. லண்டன் அருங்காட்சியகங்கள் அதை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கின்றன. நம் வீடுகளிலோ பாட்டி கண்ணை மூடியதும் அதைக் கொடுத்துப் பேத்திக்குச் சங்கிலி வாங்குகிறோம். அதைச் செய்யத் தெரிந்த முதியவர் யாரேனும் இன்னும் எங்கேனும் இருப்பாரானால், அருங்காட்சியகத்தார் அவரைத் தேடிப் போய், அவர் கையால் ஒரு ஜோடி செய்யச் சொல்லி, செய்யும் விதத்தைப் படம் பிடித்து, உரிய கூலி கொடுத்து, அவர் பெயரைப் பேழையின் மேல் எழுதுவதற்கு இனியும் தாமதம் செய்யலாகாது.

சம்பிரதாயத்தில் கைவினைஞனுக்கு மரியாதை இல்லாமற்போகவில்லை என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர் கல்யாணத்தில் பொன்னுருக்கு இன்றும் முக்கியமான சடங்கு. நல்ல நாள் பார்த்து ஆசாரியாரை வீட்டுக்கு அழைத்து, விளக்கேற்றி, தாலிக்குரிய பொன்னை உறவினர் முன்னிலையில் உருக்கச் செய்து, தட்சிணை கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஒரு நாழிகையில் அவர் அச்சபையின் மத்தியில் இருக்கிறார். அவரவர் வீட்டாருக்கு அவர் யாரென்று தெரியும். இன்னாருடைய கை ராசியான கை என்று வாய்வழியாகப் பெயர் பரவும். ஊருக்கு ஒரு பட்டறையும் பட்டறைக்குத் தெரிந்த குடும்பங்களும் இருந்த காலத்தில் அந்த வாய்வழிப் புகழ் போதுமானதாக இருந்தது. கடை நகரத்திலும், பட்டறை வேறு மாநிலத்திலும், வாங்குபவர் கிராமத்திலும் இருக்கின்ற இக்காலத்தில் எழுத்து வழியன்றி வேறு வழியில்லை.

விற்கும் நகையோடு செய்தவர் பெயரையும் எழுதித் தருவதை எதிர்க்கப்போகிறவர்கள் யார் என்பதும் தெரிந்ததே. செய்தவர் பெயரும் ஊரும் வெளியே தெரிந்துவிட்டால் வாடிக்கையாளர் நேரே அவரிடம் போய்விடுவாரே என்று கடைக்காரர்கள் அஞ்சுவார்கள். அச்சம் ஆதாரமில்லாததன்று, சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் கடன் கொடுத்து, மாதச் சீட்டு நடத்தி, பழைய நகையை மாற்றிக் கொடுத்து, நூறு மாதிரிகளை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கின்ற வசதி எந்தத் திண்ணைப் பட்டறைக்கும் கிடையாது. கைத்தறிச் சேலையில் நெய்தவர் பெயரையும் புகைப்படத்தையும் சேர்த்துக் கட்டி விற்கத் தொடங்கிய விற்பனை நிலையங்கள் அதனால் மூடிப்போகவில்லை. நகைக்கடைச் சங்கங்கள் பில்லில் செய்கூலிக்கு எதிரே ஒரு வரி கூட்டிச் செய்தவர் பெயரை அச்சிட முன்வந்தால் சட்டமே வேண்டியதில்லை. முன்வராவிட்டால், ஆறிலக்கக் குறியீட்டோடு ஏற்கெனவே பதியப்படும் விவரங்களில் பட்டறையின் பெயரையும் சேர்க்கும்படி தர நிர்ணய அமைவனம் விதியைத் திருத்தலாம். அதற்குப் புதிய முத்திரையோ புதிய இயந்திரமோ தேவைப்படாது.